13 வயதுப் பையனுக்கு எதற்கு ரேங்க்?

டெக்சாஸில் பையனை ட்ராவல் பேஸ்பாலில் (ஊர் ஊராகப் போய் ஆடும் கிளப் அணிகள்) சேர்த்துவிடும் தமிழ்ப் பெற்றோர் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மைதானத்தில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே அங்கே போய்விடுகிறது: "உங்க பையன் பர்ஃபெக்ட் கேம்ல எத்தனாவது ரேங்க்?" பர்ஃபெக்ட் கேம் என்பது பள்ளிப் பையன்களை அளந்து ரேங்க் போடும் நிறுவனம். ஏழாம் வகுப்புப் பையனைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. கல்லூரியில் எடுப்பதற்கு அந்த நம்பர் எவ்வளவு உதவும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த வயதில் அநேகமாக எதற்கும் உதவாது.

ரேங்க் சும்மா வருவதில்லை. காசு கட்டி ஷோகேஸ் என்ற திறன் காட்டும் முகாமுக்குப் போக வேண்டும். அங்கே 60 கெஜ ஓட்டத்துக்கு நேரம் பார்ப்பார்கள், எறியும் வேகத்தை ரேடார் கன்னில் பிடிப்பார்கள், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தை அளப்பார்கள், கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஒரு கிரேடு. இதில் பெரும்பாலும் அளக்கப்படுவது உடம்புதான். 13 வயதிலேயே மீசை அரும்பிவிட்டவன் முன்னால் நிற்பான், குரல் உடையாதவன் பின்னால் நிற்பான், மூன்று வருடத்தில் எல்லாம் மாறிவிடும். காசு இல்லாமல் வராமலே போன பையனை யாரும் அளக்கவே இல்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பிட்சர் (பந்து எறிபவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் பள்ளி முடித்தபோது, மேஜர் லீக் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. சான் டியாகோ ஸ்டேட்டில் மூன்று வருடம் ஆடிய பிறகு 2009 டிராஃப்டில் முதல் ஆள் அவர்தான். ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்துக்கு ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது ஃபீல்டராகப் போனவர். பிட்சராகி 2018, 2019 இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருது வாங்கினார்.

ரேங்க் எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. அம்மா வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் பள்ளியிலேயே பெரிய பெயர். வாண்டர்பில்ட்டில் சேர்ந்த முதல் வருடமே, 2019-ல், டியூக் அணிக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் போட்டார். ஆனால் அப்படி உச்சியில் இருப்பவர்களை கோச்சுகள் ரேங்க் பார்த்தா கண்டுபிடிக்கிறார்கள்? ஏற்கெனவே தெரியும். நம் பையன்கள் இருப்பது நடுவில். அங்கே 700-க்கும் 1,500-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி எந்தக் கோச்சும் முடிவெடுக்கப் போவதில்லை.

விதிகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் எட்டாம் வகுப்புப் பையன்களே வாய்மொழியாகக் கல்லூரிக்கு ஒப்புக்கொண்டது உண்டு. 2023-ல் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை, மேல்மட்டமான டிவிஷன் 1 கோச் பையனோடு இதைப் பற்றிப் பேசவே முடியாது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட 2025 ஹவுஸ் வழக்கு உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 34 பேர்தான். கூடவே, வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற உதவும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிக் காட்டிய 21 வயது ஆள் கிடைக்கும்போது, 17 வயதுக்காரனை எடுக்க கோச் ரொம்பவே யோசிப்பார். உங்கள் பையனுக்கு நிஜமான போட்டி அந்த 21 வயதுக்காரன்தான், ரேங்க் பட்டியலில் மேலே இருக்கும் பையன் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கை. ரேடார் கன்னில் இன்னும் இரண்டு மைல் கூட வர வேண்டும் என்று வளரும் பையன்கள் வருடம் முழுக்க முழு பலத்தோடு எறிகிறார்கள், முழங்கை தசைநார் போய்விடுகிறது. வேகத்தைத் துரத்துவதுதான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று மேஜர் லீக் பேஸ்பாலே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு ரேங்குக்காகவா இது?

பதினொன்றாம் வகுப்புக் கோடையில் ஒரு நல்ல ஷோகேஸ் போதும். அங்கே அளந்த வேகம், ஒரு வீடியோ, மதிப்பெண், இவற்றை வைத்து கோச்சுக்குப் பையனே ஈமெயில் எழுதட்டும். ஐவி லீக்கிலும் டிவிஷன் 3-லும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அங்கே மதிப்பெண்தான் கதவைத் திறக்கும். எழுதுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் அணிப் பட்டியலைத் திறந்து, பையன் கேட்சர் என்றால், அவன் சேரும் வருடம் எத்தனை கேட்சர்கள் படிப்பை முடித்துக் கிளம்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.