மண்ணோடு இருக்கட்டும் அந்தக் காசு

புளியைக் கரைத்து அதில் அரை மணி நேரம் ஊற வைத்தால் காசு புதிதாகிவிடும் என்று சேரன்மகாதேவியிலிருந்து அம்மா சொன்னார். புளி மட்டும் போதாது, செங்கல் பொடியும் சேர்த்துத் தேய்க்க வேண்டும் என்றார் ஆச்சி. தம்பிக்கு ஏதோ ஒரு திரவத்தின் மேல் நம்பிக்கை. அதன் படத்தைக்கூட அனுப்பிவிட்டான். அப்பா மட்டும், "அது எந்த ஊர்க் காசு? முதலில் அதைச் சொல்லும்மா" என்று கேட்டார்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் வட்டாரத்தில் உழுத வயல் ஒன்றில் கிடைத்த செப்புக்காசு அது. பெருவிரல் நகத்தின் அளவு இருக்கும். ஒரு பக்கம் தலை ஒன்று இருப்பது தெரிந்தது. மறுபக்கம் இரண்டு ஆட்கள் நிற்பதுபோல் ஒரு மேடு. மற்றதெல்லாம் பச்சைக் களிம்பும் இறுகிய மண்ணும். அதைச் சுத்தம் செய்வதா, அப்படியே விடுவதா என்பதுதான் இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் நடந்த விவாதம்.

செவிலியர் வேலைக்காக இங்கே வந்தவள் நான். வேலை பழகிவிட்டது. பழகாமல் இருந்தது ஊர். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். வீட்டிலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து வீடு என்று பஸ் ஜன்னல் வழியாகவே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு, தான் வாழும் ஊரில் எப்போது விதைக்கிறார்கள், எப்போது அறுக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது பெரிய குறை. கண்ணெதிரே மண் இருந்தும் அதில் கால் வைக்க எனக்கு ஒரு காரணம் இல்லை.

அந்தக் காரணத்தைத் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். டர்ஹம் கடற்கரையின் கடைசிச் சுரங்கங்கள் 1993-இல் மூடப்பட்டபோது நிலக்கரி வெட்டும் வேலையை இழந்தவர். பூமிக்கு அடியிலேயே இளமை கழிந்தவருக்கு ஓய்வுக்காலத்திலும் மண்ணை விட்டுப் பிரிய மனமில்லை. உலோகம் காணும் கருவியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போவார். ஒரு நாள் என்னையும் அழைத்தார். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என்னைவிட நாற்பது வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இன்றும் பெயரை விழுங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

அவர் முதலில் கற்றுக்கொடுத்தது கருவியை அல்ல, முறைகளை. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியோடு நடப்பதே குற்றம். தோண்டிய குழியை மூடி, புல் இருந்தால் புல்லைப் பழையபடி பதித்துவிட வேண்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாட்களுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். செப்புக்காசு ஒன்றே ஒன்று கிடைத்தால் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் பதிவு செய்வதுதான் முறை என்பார்.

அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் உள்ள சில வாரங்கள்தான் தேடும் காலம். அப்போதுதான் அந்த விவசாயியோடு பேச வாய்த்தது. இலையுதிர் காலத்தில் அவர் கோதுமை விதைக்கிறார். எங்கள் ஊரில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவம் உண்டு, ஏறக்குறைய இதே நாட்களில்தான் அங்கே பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராகும் என்று சொன்னேன். வேலிக் கதவில் சாய்ந்துகொண்டு அணை எங்கே, தண்ணீர் யார் முறைவைத்து விடுகிறார்கள், வாழையைக் காற்று சாய்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். வந்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீடு திரும்பி அப்பாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்; காசைப் பற்றி அப்புறம்தான்.

கருவி ஒலித்த இடத்தில் ஒரு சாண் மண்ணைப் புரட்டியதும் பச்சை விளிம்பு தெரிந்தது. என் விரல் அதன் மேல் போவதற்குள் பெரியவர் தடுத்துவிட்டார். பழைய காசுகள் பெரும்பாலும் கெடுவது வயலிலேயே, கண்டெடுத்தவரின் பெருவிரலால்தான் என்றார். ஈர மண்ணில் இருக்கும் மணல் துகள், ஒரே தேய்ப்பில் முகத்தைக் கீறிவிடும். கிடைத்த மண்ணோடு சேர்த்துச் சிறிய டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அம்மா சொன்ன புளி வைத்தியம் பொய்யல்ல. தாமிரபரணித் தண்ணீரைச் செப்புக்குடத்தில் பிடித்து வைக்கும் வீடு எங்களுடையது. வெள்ளிக்கிழமைதோறும் குடமும் விளக்கும் புளி பட்டு மின்னும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடையும் களிம்பையும் கரைத்துவிடுகிறது. அடியிலிருக்கும் செம்பு வெளியே தெரிகிறது. குடம் கனமானது, நாளும் புழங்குவது. ஒரு படலம் போனால் இன்னொரு படலம் வரும், நட்டமில்லை.

மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த காசு வேறு விதம். அங்கே செம்பின் மேல்பகுதியே மெல்ல மெல்லத் தாதுவாக மாறிவிட்டிருக்கும். அரசனின் மூக்கும் கண்ணும் எழுத்தின் கோடும் பல சமயம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் இருக்கின்றன; உலோகத்தில் இல்லை. அமிலம் படலத்தைத் தின்றால் முகமும் போய், குழி விழுந்த செப்புத் துண்டுதான் மிஞ்சும். எலுமிச்சைச் சாறும் அப்படியே. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊற வைப்பவர்கள் உண்டு. அதிலும் அமிலம் இருக்கிறது, மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்தால் ஒன்றும் மிஞ்சாது என்றே சொல்லலாம்.

தொடவே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் பொடி காசில் தெரிந்தால் அது நோய். செம்போடு சேர்ந்த குளோரைடு, ஈரக்காற்று பட்டு அமிலத்தை உண்டாக்கி, உலோகத்தை உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசைப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் உடனே சேர்க்க வேண்டும். சும்மா விடுவதுதான் அப்போது கேடு. பூதக்கண்ணாடியில் என் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரும்பச்சை, கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. பொடி எங்கும் இல்லை.

ஆசை விடவில்லை. பின்பக்கத்தின் அடியில், இரண்டு ஆட்களின் காலுக்குக் கீழே, காசு அடிக்கப்பட்ட ஊரின் குறி இருக்கும் என்று படித்திருந்தேன். சரியாக அந்த இடத்தில்தான் மண் அப்பியிருந்தது. அப்பா கேட்ட கேள்விக்கு விடை அந்த மண்ணுக்கு அடியில். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, மரக்குச்சியால் துளித்துளியாக எடுத்தால் என்ன? அந்த அளவுக்குச் செய்கிறவர்கள் இங்கே பலர். நானும் குச்சியை எடுத்து வைத்தேன்.

அதற்குமுன், கண்டெடுத்த பொருட்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் காட்டிவிடலாம் என்று போனேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது; மக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அவர் காசைக் கழுவவில்லை, சுரண்டவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறு விளக்கு ஒன்றைக் காசின் விளிம்புக்குச் சமமாகப் படுக்கவைத்துப் பிடித்தார். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்தது. ஈட்டி ஏந்திய இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள். மண்ணுக்கு மேலாகத் துருத்திக்கொண்டு 'டி', 'ஆர்' என்ற இரண்டு எழுத்துகள். இன்றைய ஜெர்மனியில் இருக்கும் டிரியர் நகரம், ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலம், கி.பி. 330க்கும் 335க்கும் இடைப்பட்டது. மண்ணை எடுத்திருந்தால் இதற்கு மேல் என்ன தெரிந்திருக்கும்? வீட்டுக்குப் போனதும் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இதே மாதிரிச் சிறிய ரோமானியச் செப்புக்காசுகள் மதுரையில், வைகை மணலில் கிடைத்திருக்கின்றன என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. டைன் ஆறு கடலில் கலக்கும் சவுத் ஷீல்ட்ஸில் நான் பார்த்த கல்லறைக் கல்லைப் பற்றியும் சொன்னேன். சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தஸ் என்பவர் தன் மனைவி ரெஜினாவுக்கு நிறுத்திய கல். மேலே லத்தீன் எழுத்து. அதற்கடியில் தன் ஊர் எழுத்தில் ஒரு வரி, அவளை இழந்த துயரத்தோடு. இந்தக் குளிருக்குத் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் முதலில்லை என்று அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்குப் பட்டது.

ஆனால் வீட்டாரை உண்மையில் மாற்றியது ரோமும் அல்ல, டிரியரும் அல்ல. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைதான். அங்கே கிடைத்த முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்திருந்த நெல் உமியை ஆய்வுக்கு அனுப்பித்தான், அதன் காலம் கி.மு. 1155 என்று கண்டார்கள். 2021-இல் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பொருநை என்னும் தாமிரபரணிக் கரை நாகரிகத்துக்கு 3,200 ஆண்டு வயது என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு அந்தப் பிடி மண் ஆதாரம். தாழியை எடுத்தவர்கள் அழகுக்காக அதைக் கழுவி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். ஆச்சிக்கும் கேட்கும்படி அப்பா அதைத் திரும்பச் சொன்னார்.

அந்தக் கருவியை அடுத்த முறை கொண்டு வா, ஆதிச்சநல்லூரில் தேடலாம் என்றான் தம்பி. கண்டிப்பாக மறுத்துவிட்டேன். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்த இடம் அது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வேறு எந்த நிலமானாலும், மண்ணுக்குள் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொழுதுபோக்காகத் தோண்டுகிற நிலமல்ல நம் நிலம்.

விவசாயி காசை என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன். கிடைத்த இடம், ஆழம், தேதி எழுதிய சீட்டும் உள்ளே இருக்கிறது.

இப்போது பேச்சு ஆச்சியின் சுருக்குப்பைக்கு வந்து நிற்கிறது. தாத்தா ஆற்று மணலிலிருந்து பொறுக்கிச் சேர்த்த செப்புக்காசுகள் சில அதில் உண்டு. பத்தரிடம் கொடுத்து மெருகேற்ற அம்மா எண்ணியிருந்தார். திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி லோவந்தால் என்ற பாதிரியார் 1888-லேயே தனியாக நூல் எழுதியிருக்கிறார். அவ்வளவு வளமான மண். அந்தப் பையைப் பத்தரிடம் கொடுக்க வேண்டாம், புளியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மார்ச்சில் விடுமுறை. கைவிளக்கு ஒன்றைக் கொண்டு போய், ஒவ்வொரு காசையும் சாய்ந்த ஒளியில் படமெடுத்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டலாம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். எந்தக் காசு எந்தப் படித்துறையில் கிடைத்தது என்று ஆச்சியிடம் கேட்டு எழுதி வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.