மீன் விடாத 31 நாள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூன்றடிக் கடல்மீன் தொட்டி, மோட்டார் ஓட, ஹீட்டர் எரிய, ஒரு மாதமாக மீனே இல்லாமல் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்கிறார்கள்.

போன வருஷம் அவசரப்பட்டேன். "விடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொன்னதை நம்பி, உப்பு கலந்த மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஒரு வாரத்துக்குள் இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. காப்பாற்ற முடியவில்லை. அந்த இரண்டு உயிரும் போனதற்கு நான்தான் பொறுப்பு.

நடந்தது இதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா என்ற விஷம் உண்டாகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் போதுமான அளவில் இருக்காது, அவை பெருகும்வரை காத்திருக்கணும். கடல் தண்ணீரின் பி.எச். 8.2 பக்கம் நிற்பதால் அம்மோனியாவின் விஷமும் கூடுதல்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தக்கைப்பூண்டை மடக்கி உழுதுட்டு மறுநாளே நடவு நடுவியா? அது அழுகி அடங்க வேணாமா?" என்றார். நான் பத்து வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டது அவருக்குப் பசுந்தாள் உரம் போடும் வயலிலேயே தெரிந்திருந்தது.

இந்த முறை 140 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு, தொட்டிக்கென்றே விற்கிற கடல் உப்புக் கலவை ஏறக்குறைய 5 கிலோ. அடர்த்தி 1.025, கடல் தண்ணீர் அளவு. "வேதாரண்யத்து உப்பு இருக்கையில் இவ்வளவு காசு கொடுத்து வாங்கணுமா?" என்று மாமா கேட்டார். சாப்பாட்டுக்கு அது அருமையான உப்பு. ஆனால் பாத்தியில் உப்பு விளைந்து எடுத்த பிறகு மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் பெரும்பாலும் மிஞ்சிய தண்ணீரோடு போய்விடுகின்றன. தொட்டிக்கு அவையும் வேண்டும். உள்ளே வைத்த கல்லும் செயற்கைக் கல்தான், பவளக் கல் இல்லை. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்து வந்தது என்று யாராவது கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நாகப்பட்டினத்து நண்பர் தன் பழைய தொட்டி ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி பீங்கான் வளையங்களை ஈரம் காயாமல் கட்டிக் கொடுத்தார். பாக்டீரியா தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை, கல்லிலும் வளையத்திலும்தான் ஒட்டி வாழ்கிறது. அப்புறம், அழுகி அம்மோனியா உண்டாகட்டும் என்று, ஒரு பச்சை இறாலை வலைத்துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன்.

நான்காம் நாள் கூடத்தில் மீன் மார்க்கெட் வாடை. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக இருந்த நீர் ஐந்து நிமிஷத்தில் இளம்பச்சையாகி, பிறகு கரும்பச்சையானது. மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை கூடக் கூட அம்மோனியா அதிகம். இறாலை எடுத்துவிட்டேன். 11ஆம் நாள் நைட்ரைட் வந்தது, அதன் சோதனைக் குழாயின் வெளிர்நீலம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. 17ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் மட்டும் இறங்கவே இல்லை. பத்து நாளைக்கு மேல் அதே கத்தரிப்பூ. பொறுமை போவது இந்த இடத்தில்தான். நடுவில் கல்லெல்லாம் பழுப்புப் பாசி படர்ந்து அழுக்காகத் தெரியும், துடைக்கத் தோன்றும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகக் குறையும். குறைகிற தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருக்கும்.

30ஆம் நாள் இரண்டும் பூஜ்யம். அதோடு விடவில்லை, பாக்டீரியா சமாளிக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். சுத்தமான அம்மோனியம் குளோரைடைக் கரைத்து அம்மோனியாவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரை ஏற்றினேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களிடம் இருக்கிற நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, வேண்டாம். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர்நீலம், இரண்டும் பூஜ்யம். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

நைட்ரேட் 40 பி.பி.எம். காட்டுகிறது. நாளைக்குப் பாதித் தண்ணீர் மாற்றணும். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மீன், அடுத்தது இரண்டு வாரம் கழித்து.