பழைய செய்தித்தாள்களில் ‘மேற்படி’: இரண்டாம் சுற்றுக் குறிப்புகள்

முன்னே சொன்னதைச் சுட்டும் ‘மேற்படி’ என்ற சொல் பழைய செய்தித்தாள்களில் எப்படி வருகிறது என்று அட்டவணை போட்டுவருகிறோம். முதல் சுற்றில் அச்சொல் வந்த இடங்களை மட்டும் குறித்தோம். அது போதவில்லை. அச்சொல் எதைச் சுட்டுகிறது, அந்தப் பெயர் எத்தனை வரிக்கு முன்னால் இருக்கிறது என்று இரண்டு கட்டங்களைக் கூட்டிய பிறகுதான் அட்டவணைக்கு உயிர் வந்தது. இப்போதுள்ள கட்டங்கள்: தேதி, பக்கம், பத்தி (பக்கத்தில் மேலிருந்து கீழே ஓடும் நெடுவரிசை), வரி, எழுதிய வடிவம், சுட்டப்படுவது, இடைவெளி.

ஸ்கேன் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக்கூடாது. பொடி எழுத்து விளம்பரங்களுக்கு 400 வேண்டும். எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் OCR மென்பொருள்) கொடுக்குமுன் ஒவ்வொரு பத்தியையும் தனிப்படமாக வெட்டிவிடுங்கள். முழுப்பக்கமாகக் கொடுத்தால் பக்கத்துப் பத்தியின் வரி நடுவில் நுழைந்து, கோர்ட்டுச் செய்தியின் ‘மேற்படியார்’ அரிசி வியாபாரியாகிவிடுவார்.

தேடுவதில் பல சிக்கல்கள். ஈய எழுத்தில் புள்ளி தேய்ந்து ‘மேறபடி’ என்று விழும். இரட்டைக்கொம்பு ஒற்றையாகி ‘மெற்படி’ என்றும் வரும். ம[ெே]ற்?படி என்ற தேடல் கோவை (regex) இந்த இரண்டையும் பிடிக்கிறது. வரி முடிவில் இணைகோடு இல்லாமல் ‘மேற்’, ‘படி’ என்று உடைப்பது அக்கால வழக்கம். ஆகையால் வரிமுறிவை நீக்கிவிட்டுத் தேட வேண்டும். அப்போது ‘மேற்படிப்பு’ம் வந்து குவியும். ‘ப்பு’ தொடர்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால், வலி மிகுத்து அச்சிட்ட ‘மேற்படிப் புத்தகம்’ வரி ஒட்டும்போது கூடவே போய்விடும். அந்த வகையைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

பெரிய தலைவலி ௸ என்ற குறி. மேற்படிக்கான சுருக்கெழுத்து அது. யூனிகோடில் 2003-இல் வந்த 4.0 பதிப்பில் இடம் பெற்றது. எழுத்துணரி அதைப் பெரும்பாலும் ‘ஷ’ அல்லது ‘ஷை’ என்றே படிக்கும். அதைப் பிழை என்று உடனே திருத்திவிடக்கூடாது. குறி இல்லாத இடத்தில் ‘ஷை’ என்றே எழுதும் பழக்கமும் உண்டு. பத்திரங்களில் அதை இன்றும் காணலாம். படத்தைப் பார்த்து, சொல், குறி, ஷை என மூன்றையும் தனித்தனியாகப் பதிவதே நல்லது. நாளைக் குறிக்கும் ௳ இன்னும் ஆபத்தானது. அது ‘உ’ போலிருப்பதால் தமிழ் எண் ௨ என்று படிக்கப்பட்டு, 12௳ என்பது 122 ஆகிவிடும். ‘மேற்படி தேதி’ எது என்று தேடும்போது இந்த ஒரு பிழை பல பதிவுகளைக் கெடுக்கும்.

இனிப் பயன்பாடு. ஆட்களுக்கு ‘மேற்படியார்’ என்று மரியாதை விகுதி ஒட்டுகிறது. பெயரை மறுபடி சொல்லாமலே மதிப்பு நிற்கிறது. எங்களுக்குப் பிடித்த வடிவம் இதுதான். ஊருக்கு ‘மேற்படியூர்’. விலைப்பட்டியலில் வரும் ‘மேற்படி’ நேர் மேலே உள்ள ஒரு கட்டத்தை மட்டுமே சுட்டும், முழு வரியையும் அல்ல. பத்தியின் உச்சியில் வந்தால் முந்தைய பத்தியின் கடைசி வரிக்குப் போக வேண்டும்.

குழப்பம் தருவது இந்த வகை வாக்கியம்: ‘மாயவரத்திலிருந்து கும்பகோணம் சென்ற வியாபாரி மேற்படியூரில் பிடிபட்டான்.’ எந்த ஊர்? வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன்னால் மிக அருகில் உள்ள பெயரைக் கொள்வது எங்கள் விதி; ஆனால் செய்தியின் தலைப்பு வேறு ஊரைச் சொன்னால் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போடுகிறோம்.

முன்னால் பெயரே இல்லாத ‘மேற்படி சமாசாரம்’ தனி இனம். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்படுவதை மறைக்கும் பேச்சுவழக்கு அது. இடைவெளிக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் வெறுமையாக விடுங்கள்; இல்லாவிட்டால் சராசரி கெடும்.

அடுத்த சுற்றுக்கு யாழ்ப்பாணத்தில் 1841-இல் தொடங்கிய உதயதாரகை. அது தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த இதழ். ஒரே செய்தி இரு மொழியிலும் அகப்பட்டால், கேள்விக்குறி போட்டவற்றைப் போன்ற இடங்களில் எங்கள் விதி சரிதானா என்று ஆங்கிலப் பத்தியை வைத்துச் சோதிக்கலாம்.