சியோலில் டாக்கோ

சியோலுக்குப் போனால் இதேவோன் பகுதியில் இருக்கும் வாடோஸில் சாப்பிடாமல் வராதே என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொரிய அமெரிக்க நண்பர்கள் சேர்ந்து 2011-இல் தொடங்கிய மெக்சிகன் உணவகம் அது. சனிக்கிழமை சாயங்காலம் என்பதால் நல்ல கூட்டம், பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

முதலில் கிம்ச்சி கார்னிடாஸ் ஃப்ரைஸ். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் வதக்கிய கிம்ச்சி (கொரியர்களின் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), மெதுவாக வேகவைத்துப் பிய்த்துப் போட்ட பன்றி இறைச்சி, உருகிய சீஸ், புளித்த கிரீம், வெங்காயம், கொத்தமல்லி. கேட்டால் கன்னாபின்னாவென்று தோன்றும், ஆனால் வதக்கியதும் கிம்ச்சியின் புளிப்பு கொஞ்சம் அடங்கி லேசான இனிப்பு வந்துவிடுகிறது, கொழுப்பான இறைச்சிக்கு அதுதான் சரியான ஜோடி, அடியில் கிடக்கும் வறுவல் நமுத்துப்போவதற்குள் தட்டைக் காலிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கால்பி டாக்கோ. மடித்த சின்ன மெக்சிகன் ரொட்டிக்குள் சோயா சாஸில் ஊறிய மாட்டு விலா இறைச்சி. கடித்தால் முழங்கை வரை சாறு ஒழுகுகிறது. கொரிய இறைச்சியை டாக்கோவில் வைக்கும் யோசனையைப் பிரபலமாக்கியது 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பிய கோகி என்ற வண்டிக்கடை. அந்த ருசி கடல் தாண்டி கொரியாவுக்கே வந்து சேர்ந்திருப்பது வேடிக்கைதான்.

சுத்த மெக்சிகோ ருசிதான் வேண்டும் என்பவர்கள் முகம் சுளிக்கலாம் (சுளிக்கட்டும்). நண்பன் மார்கரிட்டா என்ற டக்கீலா காக்டெய்லை ஆர்டர் செய்தான், கோப்பைக்குள் பீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கொண்டுவந்தார்கள். குடிக்கக் குடிக்க பீர் இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டிலை எடுக்கலாமா கூடாதா என்று பக்கத்து மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.