டிபென்ஸை நம்பி மாகாணத் தெரிவுக்குப் போனேன்

தோட்டப் பாடசாலையில் கூடைப்பந்து ஆடிக்கொண்டு மத்திய மாகாண அணியில் எப்படி இடம் பிடிச்சீங்க அக்கா என்று தங்கச்சிமார் கேட்கிறார்கள். நான் டிபென்ஸ், அதாவது எதிரணியைப் புள்ளி போடவிடாமல் தடுக்கும் ஆட்டம், ஆடிப் போனவள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

எங்கள் சேர் லெப்டொப்பில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் 2004 இறுதித் தொடரைப் போட்டு, "பந்தப் பாக்காத புள்ள, மூணாம் நம்பர மட்டும் பாரு" என்றார். அது டெட்ரொயிட் பிஸ்டன்ஸின் பென் வொலஸ். எதிரே ஷக்கீல் ஓ'நீலும் கோபி பிரயன்டும் ஆடிய லேக்கர்ஸ். மூன்றாவது ஆட்டத்தில் அவர்களை 68 புள்ளியோடு நிறுத்திய டெட்ரொயிட், தொடரை 4-1 என்று வென்றது.

வொலஸ் 6 அடி 9 அங்குலம். வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடும் என்.பி.ஏ. சென்டருக்கு அது குட்டைதான். அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் டிராஃப்டில், 1996இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. தன் காலம் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரியாக 5.7 புள்ளிதான் போட்டார். ஆனாலும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2002, 2003, 2005, 2006 என்று நான்கு முறை வாங்கினார். 2021இல் கூடைப்பந்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹோல் ஒஃப் ஃபேமிலும் சேர்ந்தார். அலபாமாவில் பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு அவருடையது. அயலாருக்கு முடி வெட்டிச் சேர்த்த காசில்தான் என்.பி.ஏ. ஆட்டக்காரர் சார்ள்ஸ் ஓக்லியின் பயிற்சி முகாமுக்குப் போனாராம். இதைச் சொன்னதும், "அப்ப அந்தப் பையனும் நம்மள மாதிரிதான்" என்றார் அம்மா. என் பஸ் காசுக்காக ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனவர் அவர்.

பயிற்சியில் முதலில் கால். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, காலோடு கால் பின்னாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். மழைக் காலத்தில் எங்கள் சீமெந்துத் தரை பாசி பிடித்து வழுக்கும்; நிமிர்ந்து நின்றால் விழுந்துவிடுவோம். அதனால் தாழ்ந்து நிற்பது தானாகவே பழகியது. அடுத்தது கண். பந்தையும் முகத்தையும் வைத்து ஆளை ஏமாற்றலாம், இடுப்பை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். ஆகவே இடுப்பைப் பார். மூன்றாவது பாக்ஸ் அவுட். எதிராளி ஷூட் பண்ணியதும் எல்லாரும் அண்ணாந்து வளையத்தைப் பார்ப்பார்கள். அந்த நொடியில் நீ உன் ஆளைத் தேடி, முதுகால் அவளைத் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு பந்துக்குப் பாய வேண்டும். 2001-02 பருவத்தில் வொலஸ் ஆட்டத்துக்கு 13 ரீபவுண்ட், அதாவது ஷூட் தவறித் திரும்பி வரும் பந்து, எடுத்தார். அந்த வீடியோக்களில் அவர் குதிப்பதைவிட, குதிக்கும் முன்னே இடம் பிடிப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கோட்ட மட்டப் போட்டி, வலய மட்டப் போட்டி இரண்டும் பெரிய சிரமமில்லாமல் முடிந்தன. மாகாணத் தெரிவு கண்டியில். விடியுமுன் ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று போய் இறங்கினோம். அங்கே வந்த பிள்ளைகள் அநேகமாக எல்லாருமே ஷூட் பண்ணிக் காட்டத்தான் பார்த்தார்கள். தெரிவாளர் கண்ணில் டிபென்ஸ் படுவது லேசில்லை. அதைக் காதில் விழ வைக்க வேண்டும். "இடது பக்கம் ஸ்க்ரீன்!", "பந்து எனக்கு!", "பின்னால ஆள்!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஸ்க்ரீன் என்றால் எதிரணி ஆள் நம் வழியை மறித்து நிற்பது. என்னைவிட உயரமான ஒருத்தியைப் பிடிக்க விட்டார்கள். பந்து அவள் கைக்கு வந்த பிறகு மல்லுக்கட்டாமல், அவளுக்குப் பிடித்த இடத்தில் நான் முன்கூட்டியே போய் நின்றேன். ஐந்து ஃபவுலில் வெளியே போக வேண்டியிருக்கும் என்பதால் கையை அடக்கியே ஆடினேன். பட்டியலில் என் பெயர் வந்தது. சேருக்குத்தான் என்னைவிடச் சந்தோசம்.

வொலஸிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று இருக்கிறது. ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷூட்டான ஃப்ரீ த்ரோவில் அவர் போட்டது 41 சதவீதம்தான். அதனால் எதிரணிகள் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பின. கண்டியிலும் கடைசியில் எல்லாரையும் ஃப்ரீ த்ரோ போட வைத்தார்கள். பயிற்சி முடிந்து எவ்வளவு களைத்திருந்தாலும், அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்க தங்கச்சி.