வீட்டு உரிமையாளர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்

வாடகைக்கு வீடு தேடும் யாரிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான். வீடு பிடித்திருந்தது, வாடகையும் கட்டுப்படியாகும், போய்ப் பார்த்தோம், நன்றாகத்தான் பேசினார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அதோடு சரி. ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்வதும் இல்லை. நண்பர்கள் சிலருக்கு விண்ணப்பம் தயார் செய்ய உதவியிருக்கிறேன், வாடகைக்கு விடுபவர்கள் சிலரோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் கேட்டதில் எனக்குப் புரிந்தது இதுதான்: உரிமையாளருக்கு இரண்டு பயங்கள். வாடகை சொன்ன தேதிக்கு வருமா, வீடு கொடுத்த நிலையில் திரும்பக் கிடைக்குமா. இந்த இரண்டுக்கும் அவர் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே கையில் ஆதாரத்தோடு பதில் கொடுப்பவர், தன்னைவிட அதிகம் சம்பாதிப்பவரைக்கூடப் பல நேரம் முந்திவிடுகிறார்.

முதலில் வருமானம். மாத வருமானம் வாடகையைப்போல 3 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உரிமையாளர்களும் ஏஜென்டுகளும் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் விண்ணப்பிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடைவெளியை எதைக் காட்டி நிரப்பப் போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சில மாத வாடகைக்குச் சமமான சேமிப்பு, கூட வசிக்கப்போகிறவரின் சம்பளம், ஜாமீன் நிற்க ஒருவர், இதில் ஏதாவது ஒன்று. எதுவுமே இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுவது நல்லது. அப்படியே கிடைத்தாலும் மாதக் கடைசியில் நீங்கள்தான் திண்டாடுவீர்கள்.

சம்பளச் சீட்டு எல்லோரும் கொடுப்பதுதான். அதைவிட அதிகம் பேசுவது பேங்க் ஸ்டேட்மென்ட். எனக்குத் தெரிந்த உரிமையாளர் ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்று ஒருமுறை காட்டினார். மொத்தத் தொகையை அவர் பார்க்கவே இல்லை. தேதி இருக்கும் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். சம்பளம் வந்த நாள், அதிலிருந்து எத்தனையாவது நாளில் பழைய வீட்டு வாடகை போயிருக்கிறது, அடுத்த சம்பளத்துக்கு முந்தைய நாள் கணக்கில் என்ன மிச்சம், செக் ஏதாவது திரும்பியிருக்கிறதா. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வாடகை போயிருந்தால் அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதனால் இப்போது இருக்கும் வீட்டு வாடகையை ரொக்கமாகக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இந்த மாதமே வங்கி வழியாக மாற்றிவிடுங்கள், குறிப்பில் 'வாடகை' என்று எழுதுங்கள், தேதி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு தேடத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே இதைச் செய்தால்தான் பயன். ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று இப்போதைய வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கி வையுங்கள்.

கிரெடிட் ரிப்போர்ட், அதாவது நீங்கள் வாங்கிய கடன்களை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை, பார்க்கும் வழக்கம் இருக்கும் ஊர் என்றால் வீட்டு உரிமையாளர் பார்ப்பதற்கு முன் நீங்கள் எடுத்துப் பாருங்கள். நாமே நம்முடையதைப் பார்ப்பதால் அதை வைத்துப் போடும் மதிப்பெண்ணான ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டும், வேறு யாருடைய கணக்கோ உங்கள் பெயரில் ஏறியிருக்கும், இப்படி எத்தனையோ. திருத்தக் கேட்டு எழுதினால் சில வாரம் இழுக்கும், எனவே வீடு பிடித்துப்போன பிறகு தொடங்குகிற வேலை இல்லை இது. கூடவே, தேடுகிற சமயத்தில் புதுக் கடனோ புது கிரெடிட் கார்டோ வாங்காதீர்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்கள், ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள் பாடுதான் கஷ்டம். மாதச் சம்பளம் என்ற ஒரு வரி இல்லாததால் பலர் படித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கடந்த இரண்டு வருட வரிக் கணக்கு, ஓராண்டு பேங்க் ஸ்டேட்மென்ட், தொடர்ந்து வேலை தரும் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம், இவற்றைச் சேர்த்து, மாதச் சராசரி இவ்வளவு, மிகக் குறைந்த மாதத்தில் இவ்வளவு என்று நீங்களே ஒரு தாளில் எழுதி மேலே வைத்துவிடுங்கள். அந்தக் கூட்டல் வேலையை உரிமையாளர் தலையில் கட்டினால் அவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

இரண்டாவது பயத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர் பழைய வீட்டுக்காரர் ஒருவர்தான். வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கிற அன்றே அவரிடம் நான்கு வரி எழுதி வாங்கிவிடுங்கள்: எப்போதிருந்து எப்போது வரை இருந்தார், வாடகை நேரத்துக்குக் கொடுத்தார், வீட்டை நல்ல நிலையில் ஒப்படைத்தார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் போனை எடுப்பார் என்று என்ன நிச்சயம்? அவருடைய எண்ணைக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாய், பூனை இருந்தால் மறைக்காதீர்கள். தடுப்பூசிச் சான்றையும், இது இருந்தும் வீட்டுக்குச் சேதம் வரவில்லை என்று பழைய வீட்டுக்காரர் சொன்ன ஒரு வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

முன்பு எங்காவது வாடகை பாக்கி வைக்க நேர்ந்திருந்தால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேலை போனது, மூன்று மாதம் தள்ளிப்போனது, பிறகு முழுதும் கொடுத்துத் தீர்த்தேன், இதோ ரசீது. இவ்வளவுதான், நீட்டி முழக்க வேண்டாம். பின்னால் அவராகவே கண்டுபிடித்தால் உங்கள் மற்ற தாள்கள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

ஜாமீன் நிற்பவரைச் சும்மா கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். நீங்கள் கொடுக்கத் தவறினால் வாடகை அவர் தலையில் விழும், அதைத் தெளிவாகச் சொல்லிய பிறகு சம்மதிப்பவரே போதும். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டிலும் கதை இதேதான், ஒப்பந்தத்தில் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு என்று இருந்தால் ஒருவர் கைவிட்ட பங்கை மற்றவர்கள்தான் கட்ட வேண்டும்.

தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி முன்கூட்டியே போனில் வைத்திருங்கள். நல்ல வீட்டுக்குப் போட்டி இருக்கும், பார்த்த அன்று மாலைக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தால் அது ஒரு பெரிய பலம். அடையாள அட்டை நகலின் குறுக்கே 'வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிட்டுக் கொடுங்கள். அவசரத்தில் ஒன்றை மறக்க வேண்டாம்: வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல், கொடுப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நிறையப் பேர் போட்டியில் இருக்கிறார்கள், இப்போதே பணம் போட்டால் உங்களுக்கு என்று அவசரப்படுத்துகிறவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

எல்லாம் சரியாக இருந்தும் மதம், சாதி, நிறம், தனியாக வாழும் பெண் என்று காரணம் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த விண்ணப்பமும் அதைச் சரிசெய்யாது, உங்கள் தாள்களில் குறை தேடி மனம் நொந்துகொள்ளாதீர்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டமே இருக்கிறது, அதனால் பேச்சை முடிந்தவரை எழுத்தில், குறுஞ்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் கொடுக்க நினைத்தால் அது கைகொடுக்கும்.

வேறு யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்தால், நன்றி சொல்லி, எதில் குறைந்தது என்று ஒரு வரி கேளுங்கள், அவர்கள் வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்றும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் பின்வாங்குவது அடிக்கடி நடக்கிற விஷயம், அப்போது உரிமையாளர் திரும்பவும் விளம்பரம் போடும் முன் கையில் இருக்கும் எண்களைத்தான் கூப்பிட்டுப் பார்ப்பார்.