7 மில்லிமீட்டர் பற்றாக்குறை

என் கணினியில் இருப்பது ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர். சென்னை மே மாத வெயிலில் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் 90 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கும். அந்த பிராசஸருக்கு உச்ச வரம்பே அதுதான். ஃபேன் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்கும். சரி, தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்வித்துப் பார்ப்போம் என்று பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக், அந்தச் சூட்டை ஃபேன் காற்றில் வெளியேற்றும் 240 மி.மீ. ரேடியேட்டர், டி5 என்ற வகை பம்ப், தண்ணீர்த் தொட்டி, 10/13 ட்யூப் (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மி.மீ.) எல்லாம் சேர்த்தேன். ரேடியேட்டர், பிளாக் இரண்டும் செம்புதானா என்று கேட்டு வாங்கினேன். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

இவ்வளவு விசாரித்தவன் அளவெடுப்பதில் கோட்டை விட்டேன். கூரையில் மாட்ட நினைத்த ரேடியேட்டர் 30, ஃபேன் 25, ஆக 55 மி.மீ. கேபினெட்டின் கூரைக்கும் ரேம் தலைக்கும் நடுவே இருந்ததோ 48! ரேமின் மேல் இருக்கும் அலங்காரத் தகட்டைக் கழற்றலாமா என்று லேசாக நெம்பிப் பார்த்தேன். தகட்டோடு சில்லும் பிய்ந்து வந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

ரேடியேட்டர் முன்பக்கத்துக்குப் போனது. ட்யூப் வாய் இரண்டும் மேலே இருக்கும்படி நிறுத்தினேன், உள்ளே மாட்டும் காற்று தானாக வெளியேறும். தொட்டி பம்புக்கு மேலேதான் இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்ப் கெட்டுவிடும்.

கசிவுச் சோதனைக்கு மதர்போர்டுக்கு மின்சாரமே தரவில்லை. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து பம்ப் தவிர மற்ற எல்லா இணைப்பையும் உருவி, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் பிளக்கின் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். ட்யூப் மாட்டும் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். அரை மணி நேரத்தில் பிளாக் பக்கத்து டிஷ்யூ நனைந்திருந்தது. குற்றவாளி நான்தான். ட்யூபைச் சமையலறைக் கத்தியால் சாய்வாக வெட்டியிருந்தேன். கட்டர் வாங்கி நேராக வெட்டி மாட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன், டிஷ்யூ காய்ந்தே இருந்தது. அப்புறம் குமிழி விரட்டும் வேலை. கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, தொட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டு மாலை போனது.

இப்போது அதே எக்ஸ்போர்ட், அறை 34 டிகிரியில் இருக்கும்போது, 76இல் நிற்கிறது. இன்னும் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த எட்டு கோர்களும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்தச் சின்ன இடத்திலிருந்து வெப்பம் பிளாக்குக்கு ஏறி வருவதே சிரமம். பெரிய ரேடியேட்டர் போட்டாலும் அதிகம் மாறாது. அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரும் போகாது. எனக்குப் பிடித்தது சத்தம் அடங்கியதுதான். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் ஃபேன் வேகம் திடீர் திடீரென்று எகிறுவதில்லை.

தண்ணீரை வடிக்க அடியில் ஒரு வால்வு வைக்க மறந்துவிட்டேன். அடுத்த முறை மாற்றும்போது கேபினெட்டையே பாத்ரூமுக்குத் தூக்கிப்போய்க் கவிழ்க்க வேண்டியதுதான்.